ரியூனியன் எரிமலைக் கரையில் தனியாக ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவின் தென்கிழக்கில் கடலோரச் சாலையில் போகும்போது சின்னச் சின்னப் பலகைகள் கண்ணில் படும். ஒன்றில் 2002, இன்னொன்றில் 2004, சற்றுத் தள்ளி 2007. அந்த ஆண்டு இறங்கிய லாவா, பலகை நிற்கும் இடத்தில்தான் சாலையை விழுங்கிக் கடலுக்குப் போனது என்று பொருள். லாவா ஆறியதும் அதன் மேலேயே மறுபடியும் சாலை போட்டிருக்கிறார்கள்.

பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற இந்த எரிமலையின் உயரம் 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. அதன் உச்சியைச் சுற்றியுள்ள பெரும் பள்ளம் குதிரை லாட வடிவில் கிழக்கே, கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கடல் பக்கம் இறங்கும் லாவா பெரும்பாலும் அந்தத் திறப்பு வழியாகவே சரிந்து வருகிறது. சரிவின் அடியில் ஆளில்லாமல் கிடக்கும் கருநிலத்துக்குக் கிரான் ப்ருலே என்று பெயர், ‘பெரிய எரிநிலம்’ என்று சொல்லலாம். வடக்கே சேந்த் ரோஸ், தெற்கே சேன் ஃபிலிப் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவே கிடக்கும் இந்த நிலத்தையும் அதன் சாப்பாட்டையும் ஒரே நாளில் நன்றாகப் பார்க்க முடியும். பார்க்காமலே திரும்புகிறவர்களும் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தைக் கடற்கரை என்று நினைத்துக்கொண்டு வருவதுதான். நீச்சலுடையும் செருப்புமாக, மதியத்துக்கு மேல், பசியோடு வந்து நின்றால் இந்தக் கரை எதையும் தராது.

கிளம்பும் முன்பே நடக்கும் தவறுகள்

முதலில் விசா. ரியூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், யூரோதான் நாணயம். ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் அது இல்லை. பாரிஸுக்காக வாங்கிய ஷெங்கன் விசாவை நம்பி இங்கே டிக்கெட் எடுக்காதீர்கள். விண்ணப்பத்திலேயே ரியூனியன் போவதைக் குறிப்பிட்டு, எந்த அனுமதி வேண்டும் என்று பிரெஞ்சு விசா மையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, எரிமலையின் உச்சியையும் கடலோரத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவது. வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் கடலோரத்திலிருந்து உச்சிக்குக் காரில் ஏற வழி கிடையாது. உச்சிப் பக்கம் போக, தீவின் நடுவே உள்ள மேட்டுநிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு புர்க் முரா ஊரைக் கடந்து 2,300 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். அது தனியாக ஒரு நாள் வேலை.

மூன்றாவது, எச்சரிக்கை நிலையைப் பார்க்காமல் கிளம்புவது. 1977 வெடிப்புக்குப் பிறகு, 1979-இல் இங்கே எரிமலை ஆய்வகம் ஒன்றை அமைத்தார்கள். அதன் தகவலை வைத்து அரசு நான்கு படிகளில் அறிவிப்புக் கொடுக்கிறது. ‘விஷிலான்ஸ்’ என்றால் எரிமலை லேசாக அசைகிறது, கவனமாக இருங்கள் என்று அர்த்தம். ‘அலெர்த் 1’ என்றால் எந்நேரமும் வெடிக்கலாம். ‘அலெர்த் 2’ என்றால் வெடித்துவிட்டது. கடைசிப் படி ‘சோவ்கார்த்’, அதாவது வெடிப்பு ஓய்ந்திருக்கிறது, ஆனாலும் இடம் இன்னும் பாதுகாப்பாகவில்லை. முந்தின இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை பாருங்கள். லாவா சாலைக்கு அருகில் வந்தால் கடலோரச் சாலையை மூடிவிடுவார்கள். அப்போது வடக்கிலிருந்து தெற்கே போக மேட்டுநிலம் வழியாகத் தீவைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். இரவுத் தங்கலை மறுபக்கம் பதிவு செய்திருந்தால் நாளே போய்விடும்.

வண்டி விஷயம். இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, ரவுண்டானாவிலும் ஆளில்லாத சாலையில் திரும்பும்போதும்தான் தடுமாறும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கிரான் ப்ருலேயில் வீடும் இல்லை, பெட்ரோல் பங்க்கும் இல்லை. அதனால் சேன் பெனுவாவிலோ சேன் ஜோசஃபிலோ டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ‘கார் ஜோன்’ என்னும் மஞ்சள் பேருந்துகள் இந்தச் சாலையில் ஓடுகின்றன, ஆனால் எண்ணிக்கை குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு. பேருந்தில் போகிறவர்கள் இரண்டு இடத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

நேரம்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். அப்போது காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடியும், மாலை ஆறுக்கு முன்பே இருட்டிவிடும். பத்து மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பினால் பாதி நாள் போனது போல. டிசம்பர், ஜனவரியில் பகல் நீளம்தான், ஆனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மே முதல் அக்டோபர் வரையே இந்தக் கரைக்கு நல்லது.

நல்லது என்றால் மழையே இருக்காது என்று எண்ண வேண்டாம். தென்கிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்று முதலில் மோதுவது இந்தச் சரிவில்தான், ஆண்டு முழுக்க மழை உண்டு. மேலே கொமெர்சோன் பள்ளத்தில் 2007 பிப்ரவரிப் புயலின்போது மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னையில் இரண்டு ஆண்டுகளில் பெய்வதை விட அதிகம். கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கொட்டலாம். ஆகவே ஓடையிலோ அருவிக் குளத்திலோ இறங்கியிருக்கும்போது தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, யோசிக்காமல் கரையேறுங்கள். கூட யாரும் இல்லாதபோது மேல்பக்கம் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது.

கருப்பாறை மேல் நடப்பது

செலவு வைக்கும் தவறுகள் இங்கேதான். லாவாப் பாறை எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து இறங்குகிறார்கள். உண்மையில் இரண்டு வகை உண்டு, இரண்டும் இரண்டு விதமாக ஆளைக் கவிழ்க்கும்.

ஒன்று வழவழப்பான வகை. கயிறு திரித்து அடுக்கியதுபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். நடக்கச் சுலபம், ஆனால் அந்த வழவழப்புக்கு அடியில் வெற்றிடம் இருக்கலாம். மேல்தோல் ஆறி இறுகிய பிறகும் உள்ளே குழம்பு ஓடி வடிந்துவிடுவதால் குழாய்களும் பொந்துகளும் மிஞ்சுகின்றன. சில இடங்களில் கூரையின் கனம் ஒரு சாண்கூட இருக்காது. காலடியில் ஓட்டுக்கூரை மேல் நடப்பதுபோல் ‘டொக்’ என்ற ஓசை கேட்டால், வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

மற்றது கரடுமுரடான வகை. உள்ளூர்ப் பேச்சில் ‘கிராத்தோன்’ என்பார்கள், பன்றித் தோலை மொறுமொறுவென்று பொரித்த தின்பண்டத்துக்கும் அதே பெயர். ஒரு துண்டைக் குனிந்து பாருங்கள்: உடம்பெல்லாம் ஊசித் துளைகள், துளைக்குத் துளை கண்ணாடிச் சில்லுபோல் விளிம்பு. எடை கையில் தெரியாது, ஆனால் விரலை அழுத்தித் தேய்த்தால் தோல் கிழியும். இந்தக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் குவியலாகக் கிடப்பதால் மிதித்ததும் உருளும். விழுபவர் உள்ளங்கையை ஊன்றுவார், அங்கேதான் வெட்டு. மெல்லிய தோல் கையுறை ஒரு ஜோடி எடுத்துச் செல்வது மிகையான ஏற்பாடு அல்ல. கணுக்காலை மூடும், அடிப்பாகம் வளையாத காலணி கட்டாயம். ரப்பர் செருப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இந்தக் குவியலில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். சாதாரண நடைவேகத்தை வைத்துத் திட்டமிட்டவர்கள்தான் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

2007 ஓட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஏப்ரலில் வந்த வெடிப்பு, இந்த எரிமலையில் பதிவானவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. உச்சிப் பள்ளத்தின் தரை சுமார் 300 மீட்டர் உள்ளே அமிழ்ந்தது. லாவா, த்ராம்ப்லே குடியிருப்பை ஒட்டிச் சாலையைக் கடந்து கடலில் விழுந்து புதிய நிலத்தை உண்டாக்கியது. கடல் கொதித்த அந்த நாட்களில் ஆழ்கடல் மீன்கள் செத்து மேலே மிதந்து வந்தன, அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். லாவா சில இடங்களில் பல பத்து மீட்டர் கனத்தில் படிந்ததால் உள்ளே சூடு தங்கிவிட்டது. பாறை வெப்பத்தை மெதுவாகத்தான் விடும். பல ஆண்டுகள் கழித்தும் மழை பெய்தால் பிளவுகளிலிருந்து ஆவி கிளம்பியது. புகைகிற பிளவுக்கு மேல் முகத்தைக் கொண்டுபோகவோ கையை விட்டுப் பார்க்கவோ கூடாது. இந்தப் பாறையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். கருப்புக்குள்ளே பச்சைக் கற்கண்டு தூவியதுபோல் மின்னுவது ஒலிவின் என்னும் தாது. மழை நின்றதும் வெயில் பட்டால் நன்றாகத் தெரியும்.

அழகாக இருக்கிறதே என்று ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் கல்லோ செடியோ எடுக்கத் தடை உண்டு. இதன் மலைகளும் பள்ளங்களும் 2010 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. பாறையில் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்திருப்பது அழுக்கு அல்ல. அது ஸ்டீரியோகாலன் என்னும் பாசிக்காளான், புது லாவாவில் முதலில் குடியேறும் உயிர்களில் ஒன்று. அது படர்ந்த பிறகு பெரணியும் சிறு மரங்களும் வருகின்றன. குறுக்கு வழி என்று அதன் மேல் நடந்தால் பல ஆண்டு வளர்ச்சி ஒரே மிதியில் போய்விடும். குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்.

லாவாக் குழாய்களுக்குள் தனியாக நுழையவே கூடாது. உள்ளே கைபேசிச் சமிக்ஞை இருக்காது, வழி பிரியும், மழை பெய்தால் கூரை ஒழுகித் தரை வழுக்கும். தொழில்முறை வழிகாட்டிகள் தலைக்கவசம், விளக்கு, முழங்கால் உறை எல்லாம் கொடுத்து அழைத்துப் போகிறார்கள். தனிப் பயணிகளைச் சிறு குழுக்களில் சேர்த்துக்கொள்வார்கள், அதற்கு முன்பதிவு வேண்டும்.

தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். கருப்பாறை வெயிலை உறிஞ்சிக் கீழிருந்தும் சுடும், நிழலும் கிடைக்காது. அதே பையில் மழைச்சட்டை, கட்டுத்துணி, கிருமிநாசினி, பவர் பேங்க். தங்குமிடத்தில் ஒருவரிடம் “இன்ன பாதைக்குப் போகிறேன், இத்தனை மணிக்குத் திரும்புவேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவசர எண் 112.

கடல் ஓரம்

சேன் ஃபிலிப் பக்கத்தில் 1986 வெடிப்பின் லாவா கடலுக்குள் நீட்டிய தளம் பொய்ந்த் தெ லா தாப்ல். மேலும் தெற்கே காப் மெஷான். பெயரே ‘பொல்லாத முனை’ என்றுதான் அர்த்தம். இரண்டிலும் கருங்குன்று செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. விளிம்புக்குப் போய்ப் படம் எடுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அலை பாறையை அடியில் அரித்துக் குடைந்திருக்கும், நிற்கிற இடம் வெறும் திண்ணைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விளிம்புக்கு இணையாகப் பிளவு ஓடினால், பிளவுக்கு அந்தப் பக்கம் காலை வைக்காதீர்கள்.

அலையும் ஒரே உயரத்தில் வருவதில்லை. கால் மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். பத்து அலை அடங்கி வந்தபின் ஒன்று எழும்பி மேலே ஏறும். பாறை எதுவரை ஈரமாக இருக்கிறதோ அதுவரை கடலின் இடம். பாசிக்காளானும் செடியும் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். மே முதல் செப்டம்பர் வரை, வானம் தெளிவாக இருக்கும்போதே தெற்கிலிருந்து பெரிய அலைகள் வரும். அந்தக் கடலைப் பார்த்து ஏமாறக் கூடாது.

குளிக்கலாமா? வேண்டாம். மேற்குக் கரையில் உள்ளதுபோல் பவளத்திட்டு அடைத்த காயல் இங்கே கிடையாது. சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு 2013 முதல், காயலுக்கும் குறித்த இடங்களுக்கும் வெளியே குளிப்பதற்கும் அலைச்சறுக்குக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. லெ பாரில் அருகே பாறைக்கு நடுவே கட்டிய கடல்நீர்க் குளம் உண்டு, கடல் அமைதியாக இருந்து அறிவிப்பும் அனுமதித்தால் அங்கே இறங்கலாம்.

லாவா கடலில் விழுந்துகொண்டிருக்கும் காலத்தில் எழும் வெள்ளைப் புகையை வெறும் நீராவி என்று நினைப்பது பெரிய ஆபத்து. உப்புநீரும் லாவாவும் சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கண்ணாடித் துகள்களையும் கிளப்புகின்றன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் நிற்கவே கூடாது.

இடையில் நிற்க வேண்டிய இடம் பித்தோன் சேந்த் ரோஸில் உள்ள மாதா கோயில். 1977-இல் லாவா வழக்கமான பள்ளத்தை விட்டு வெளியே வெடித்து இந்த ஊருக்குள் புகுந்தது. வீடுகளை அழித்த ஓட்டம் கோயிலைச் சுற்றி வளைத்து வாசற்படியில் நின்றுவிட்டது. அதனால் பெயரே லாவா மாதா என்றாயிற்று. ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவார்கள். சுற்றி நடந்து, சுவரை ஒட்டி உறைந்து நிற்கும் லாவாவின் உயரத்தைப் பாருங்கள், அப்போதுதான் புரியும். இது வழிபாட்டுத் தலம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாப்பாட்டில் செய்யும் தவறுகள்

இரண்டு மணிக்குச் சாப்பிடலாம் என்று நினைத்தால் பட்டினிதான். சமையலறை பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரண்டு மணியளவில் மூடிவிடும். திங்கட்கிழமை பல கடைகள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் விடியற்காலையிலேயே அண்டா குண்டாவோடு வந்து ஆன்ஸ் தே காஸ்காத் போன்ற அருவிக்கரை நிழலை எல்லாம் பிடித்துவிடுவார்கள். பார்க்க அழகான காட்சி அது, ஆனால் உட்கார இடமும் வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. அந்த நாளில் போனால் எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

தனியாகப் போகிறவருக்கு மிக வசதியானது ‘பார்க்கெத்’. சாலையோர வண்டியிலோ சிறு கடையிலோ அட்டைப் பெட்டியில் கட்டித் தரும் சாப்பாடு. அடியில் சோறு, மேலே ‘கிரேன்’ எனப்படும் மொச்சை அல்லது பருப்புக் குழம்பு, ஓரத்தில் ‘ப்ரேத்’ என்ற கீரை, நடுவே ‘காரி’, தொட்டுக்கொள்ள ‘ருகாய்’. காலையில் ஒன்றைக் கட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் நேரத்துக்கு அடிமையாக வேண்டாம். சில்லறை நோட்டாக வைத்திருங்கள், எல்லா வண்டியிலும் அட்டை எடுக்க மாட்டார்கள்.

சொற்களில் கவனம் வேண்டும். இங்கே ‘சஃப்ரான்’ என்று சொல்வது குங்குமப்பூ அல்ல, மஞ்சள். ‘பிஸ்தாஷ்’ என்பது பிஸ்தா அல்ல, வேர்க்கடலை. வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இதைத் தெரியாமல் ருகாய் பிஸ்தாஷ் கேட்டால் ஆபத்து. ருகாய் என்றாலும் இரண்டு உண்டு: தக்காளி, மாங்காய் போன்றவற்றை இடித்துப் பச்சையாகத் தொட்டுக்கொள்வது ஒன்று, ருகாய் சோசிஸ் என்னும், பன்றி இறைச்சிச் சாசேஜைத் தக்காளியில் சமைத்த முழுச் சாப்பாடு மற்றொன்று.

சைவக்காரர்கள் பருப்பும் கீரையும் இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குள் ‘புக்கானே’ என்ற புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம். “சான் வியாந்த்”, அதாவது இறைச்சி இல்லாமல், என்று கிரேனுக்கும் ப்ரேத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தமிழ் வாசகர்கள் செய்யும் தவறு வேறு ஒன்று, காரத்தில் அலட்சியம். இந்த ஊர்க் காரி அவ்வளவாகக் காரமில்லை. ஓரத்தில் கிண்ணத்தில் வைக்கும் மிளகாய் விழுதுதான் காரம். சின்னப் பச்சை மிளகாயை உப்போடு இடித்து, சில சமயம் கொம்பாவா என்னும் சுருக்கத்தோல் எலுமிச்சையின் தோலைத் துருவிப் போட்டிருப்பார்கள். “நமக்கென்ன” என்று ஒரு கரண்டி அள்ளிப் போட்டால் பிறகு மீனின் ருசியே தெரியாது. நுனிக் கரண்டியில் தொடங்குங்கள்.

இந்தச் சமையலில் நம் சொற்கள் ஏன் இவ்வளவு கேட்கின்றன என்று வியப்பு வரும். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுடைய வழிவந்தவர்களை இங்கே மல்பார் என்கிறார்கள். முருங்கைக்கீரை ‘ப்ரேத் முரூம்’, கறிவேப்பிலை ‘கலுபிலே’, கொத்துமல்லி ‘கொத்தொமிலி’, பீர்க்கங்காய் ‘பிபங்காய்’. ‘போன்போன் பிமான்’ என்று கேட்டால் மிட்டாய் வராது, மொச்சையை அரைத்துப் பச்சை மிளகாய் போட்டுச் சுட்ட நம் வடையின் உறவுக்காரன் வரும். ஆனாலும் முகத்தைப் பார்த்து நேராகத் தமிழில் பேச்சைத் தொடங்காதீர்கள். பெரும்பாலோருக்கு வீட்டுமொழி, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். வழிபாட்டிலும் பெயரிலும் தமிழைக் காத்துவருகிறவர்களிடம் “தமிழ் தெரியாதா?” என்று கேட்பது புண்படுத்தும்.

சேன் ஃபிலிப் வந்துவிட்டு, தீவு முழுக்கக் கிடைக்கும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுப் போவது வீண். ‘வாக்கோவா’ என்பது தாழையின் இனம், விழுதூன்றி நிற்கும் மரம். ஓலையின் முள்ளை நீக்கிக் காயவைத்துப் பை முடைகிறார்கள். அதன் இளங்காயைப் ‘பிம்பின்’ என்று காரியில் போடுவது இந்த ஊர்ச் சிறப்பு. பனைக்குருத்துச் சாலடும் கேளுங்கள். வடக்கே சேன் பெனுவாவில் ‘பிஷிக்’ என்னும் மீன்குஞ்சு காரி பெயர் பெற்றது. ஆற்று முகத்துவாரத்தில் பருவத்துக்குத்தான் கிடைக்கும், விலை அதிகம். விலைப்பலகையில் எழுதாமல் இருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள். சாப்பாட்டின் முடிவில் பழமும் மசாலாவும் ஊறிய ரம்மைச் சின்னக் குவளையில் தருவார்கள். வண்டி ஓட்டுகிறவர் தயங்காமல் மறுக்கலாம், பிரெஞ்சுச் சட்டத்தின் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம்.

கடைசியாக வெனிலா. 1841-இல் எத்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் இந்தத் தீவில்தான் வெனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் அதே முறைதான். பூ ஒரு காலைப் பொழுதுதான் விரிந்திருக்கும், காய் முற்ற ஒன்பது மாதம் ஆகும், பிறகு வெந்நீரில் முக்கி, வியர்க்க வைத்து, உலர்த்திப் பெட்டியில் பதப்படுத்தப் பல மாதம். பச்சைக் காயில் மணமே இருக்காது. சாலையோரத்தில் “பூர்போன்” என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளூர்ச் சரக்கு என்று வாங்கிவிடாதீர்கள், மடகாஸ்கர் வெனிலாவுக்கும் அந்தப் பெயர் உண்டு. எங்கே விளைந்தது என்று கேளுங்கள். நல்ல காய் கருமையாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும், விரலில் சுற்றினால் முறியாமல் வளையும். காய்ந்து சுள்ளியாக இருந்தால் மணம் போய்விட்டது. பிசுபிசுவென்று ஈரமாக இருந்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்கியதைக் கண்ணாடிக் குழாயில் காற்றுப் புகாமல் மூடி, ஃப்ரிட்ஜில் வைக்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள்.